தொங்கிய வயரைச் சொருகினேன்

மூன்றாம் வகுப்போடு படிப்பு நின்றுபோனாலும், பாபநாசம் பக்கம் போர்வெல் போட்டேன், களம் அமைத்தேன், அரிசி மில் கட்டினேன். பாலிடெக்னிக்கில் நெட்வொர்க்கிங் படித்த என் மருமகள் மில்லின் எடைமேடையையும் கேமராக்களையும் கம்ப்யூட்டரோடு இணைத்தாள். வந்தவர்களெல்லாம் அவளையே புகழ, எனக்கு வயிறு எரிந்தது.

ஒருநாள் அவள் இல்லாதபோது, இணைப்புப் பெட்டியில் ஒரு வயரின் முனை தொங்கியது. பாதியில் விட்டுவிட்டாள் என்று நினைத்து, பெட்டியில் காலியாக இருந்த துளையில் நானே சொருகினேன். எடைமேடை, கேமரா எல்லாம் நின்றுபோனது. நெல் லாரிகள் மழையில் காத்து நின்றன.

"பெரியவரே, உங்க கைராசியா?" என்றார் ஒரு டிரைவர்.

மருமகள் ஓடிவந்து வயரைப் பிடுங்கினாள். "மாமா, இதோட மறுமுனையும் இதே பெட்டியிலதான் இருக்கு. வடியிற தண்ணிய திரும்ப அதே வயல்ல விட்டா என்னாகும்?"

"பயிர் மூழ்கிடும்."

"அதேதான் இங்கயும்! போன தகவலே திரும்பத் திரும்பச் சுத்தி வந்து எல்லாத்தையும் அடைச்சிடுச்சு."

இப்போது அவளைக் கேட்காமல் எந்த வயரையும் தொடுவதில்லை. தான் படித்த பாலிடெக்னிக்கில் வகுப்பெடுக்கப் போகும்போது, பிள்ளைகளுக்கு இதையே அவள் பாடமாகச் சொல்கிறாளாம். சொருகிக் காட்டியவன் நான்; என் பெயரையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.