மஞ்சள் அட்டைக்குக் கிடைத்த மாடி ரூம்

"வயரை எலி கடித்திருக்கும்" என்று சொல்லப் போகிறவர்களுக்கு முதலிலேயே ஒன்று சொல்லிவிடுகிறேன். அந்த வயரை இழுத்தவனே நான்தான். எலி கடித்தால் என்ன ஆகும், ஈரம் இறங்கினால் என்ன ஆகும், எல்லாம் எனக்குத் தெரியும். தெரிந்துதான் இதை எழுதுகிறேன். நடந்தது 1984 மே மாதம், செஞ்சியில். நம்பச் சொல்லி யாரையும் கெஞ்சப் போவதில்லை. ஆனால் நடந்ததில் ஒரு சொல்லைக்கூட நான் குறைத்துக்கொள்ள மாட்டேன்.

அப்போது நான் சென்னையில் ஒரு மின்சாதனக் கம்பெனியின் விற்பனைப் பிரதிநிதி. சுவிட்ச், ஹோல்டர், காலிங் பெல் எல்லாம் எங்கள் சரக்கு. மாதம் ஒரு முறை திண்டிவனம், செஞ்சி, அவலூர்பேட்டை, திருவண்ணாமலை என்று ஒரு சுற்று வருவேன். செஞ்சியில் ஒரு ராத்திரி தங்கல். பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் நூர் லாட்ஜ். முதலாளி ஜகபர் அலி பாய்.

கீழே ஆறு ரூம், மாடியில் மூன்று. எனக்கு எப்போதும் கீழே நாலாம் நம்பர்தான். அதன் ஒரே ஜன்னல் பின்பக்கத்துச் சுவரைப் பார்த்திருக்கும். செஞ்சி வெயிலைப் பற்றி வெளியூர்க்காரர்களுக்குத் தெரியாத சங்கதி ஒன்று உண்டு. இங்கே பகலைவிட ராத்திரிதான் மோசம். சுற்றிலும் பாறை மலை. பகல் முழுக்க வெயிலைக் குடித்துவிட்டு, இருட்டிய பிறகு அதை ஊருக்குள் விடும். கீழ் ரூமில் காற்று நகராது. மாடியில் ஒன்பதாம் நம்பர் அப்படியில்லை. மூலை ரூம், இரண்டு பக்கமும் ஜன்னல். ஒரு ஜன்னலில் காற்று நுழைந்து மறு ஜன்னலில் வெளியேறும். ராஜகிரிக் கோட்டை நேராகத் தெரியும். இரட்டைக் கட்டில், உள்ளேயே குளியலறை.

ஐந்து வருஷம் கேட்டேன். ஒவ்வொரு தடவையும் பாய் சிரிப்பார்.

"நாலு உங்க ரூம் சார். உங்களுக்குன்னே வச்சிருக்கேன். வேற ஆளுக்குக் குடுக்கறதே இல்ல."

கேட்க மரியாதையாகத்தான் இருக்கும். ஆனால் முதல் தடவையாக ஊருக்கு வந்த ஒரு உரக் கம்பெனி ஆளுக்கு என் கண் முன்னாலேயே ஒன்பதாம் நம்பர் சாவியைக் கொடுத்தார். அந்தச் சாவி என்னைத் தாண்டிப் போனதை என்னால் மறக்க முடியவில்லை. விடாமல் வருகிறவன் நான், காற்று அவனுக்கா?

அந்த மே மாதம் போனபோது கல்லாவில் பாய் இல்லை. வந்தவாசியில் ஒரு கல்யாணம். அவருடைய மச்சினர் உமர் பாரூக் உட்கார்ந்திருந்தார். துபாயில் ஒரு பெரிய ஓட்டலில் வேலை பார்த்துவிட்டு அப்போதுதான் திரும்பியவர். என் பெயரைக் கேட்டதும் எழுந்து கைகொடுத்தார்.

"தாண்டவராயன் சாரா? உங்களத்தான் எதிர்பாத்தேன். இந்தாங்க, மொத கார்டு உங்களுக்குத்தான்."

மஞ்சள் அட்டை. 'நிரந்தர வாடிக்கையாளர்' என்று அச்சடித்து, கீழே அவர் கையெழுத்து.

"துபாய்ல இப்படித்தான் சார். ஒரே ஓட்டலுக்குத் திரும்பத் திரும்ப வர்ற ஆளுக்கு, ஒசந்த ரூம் காலியா இருந்தா அதே வாடகைக்குக் குடுத்துருவாங்க. அப்புறம் அவன் வேற ஓட்டல் வாசப்படி மிதிக்க மாட்டான்."

அந்த ஏற்பாடு எனக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. யோசித்துப் பாருங்கள். காலியாகக் கிடக்கிற ரூம் ஒரு காசும் சம்பாதிக்காது. அதில் ஒருவனைப் படுக்க வைத்தால் லாட்ஜுக்குச் செலவு ஒரு சோப்பும் ஒரு வாளித் தண்ணீரும்தான். பதிலுக்கு அந்த ஆள் ஆயுசுக்கும் அவர்களுடைய ஆள். என்ன அழகான கணக்கு!

ரூம் வேலை பார்க்கும் தனகோட்டி பக்கத்தில் நின்றிருந்தார். நாற்பது வயதுக்காரர். லாட்ஜ் திறந்த நாளிலிருந்து இருக்கிறார். அவர் முகம் சரியில்லை.

"பாய்கிட்ட ஒரு வார்த்த கேட்டுட்டு..."

"இன்னா தனகோட்டி, நான் குடுத்தா ஆவாதா?"

தனகோட்டி என் பெட்டியைத் தூக்கிக்கொண்டு மாடி ஏறினார். ரூம் வாசலில் நின்று மெதுவாகச் சொன்னார்.

"சார், நாலுலேயே படுத்துக்குங்களேன். டேபிள் ஃபேன் ஒண்ணு எக்ஸ்ட்ரா வைக்கிறேன்."

"அஞ்சு வருஷம் கேட்டு வாங்கின ரூம்யா இது. சாவிய குடு."

கொடுத்தார்.

இந்த இடத்தில் பெல் பலகையைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். 1979-ல் அந்த லாட்ஜுக்கு அதை விற்று, மாட்டிக் கொடுத்தவன் நான். கல்லாவுக்குப் பின்னால் ஒரு மரப்பெட்டி, முன்பக்கம் கண்ணாடி. உள்ளே ரூமுக்கு ஒன்றாக ஒன்பது காயில், அதாவது கம்பிச் சுருள். ஒவ்வொன்றும் ஒரு சின்னத் தகட்டைக் கொக்கியில் பிடித்து வைத்திருக்கும். ரூமில் சுவிட்சை அழுத்தினால் கரண்ட் வரும், காயில் காந்தமாகும், கொக்கி விலகும், நம்பர் எழுதிய தகடு 'டக்'கென்று கீழே விழும். கூடவே பெல் அடிக்கும். கரண்ட் போனாலும் வேலை செய்ய வேண்டும் என்று பேட்டரி செல்லில் ஓட வைத்திருந்தேன்.

மாடிப்படி விளக்கும் என் வேலைதான். கீழே ஒரு சுவிட்ச், மேலே ஒன்பதாம் ரூம் கதவை ஒட்டி ஒரு சுவிட்ச். படி ஏறுகிறவர் கீழே போட்டுக்கொண்டு வந்து மேலே அணைத்துவிடலாம். வீடுகளில் பார்த்திருப்பீர்கள். டூ-வே என்போம்.

இந்த இரண்டையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

சாப்பிட்டுவிட்டு வந்து படுத்தேன். காற்று வந்தது. ராஜகிரி கருப்பாக நின்றது. ராஜா மாதிரி கட்டிலின் நடுவில் படுத்துக்கொண்டேன்.

11.20. கீழே பெல் அடித்தது.

ட்ர்ர்ர்ங்...

யாரோ தண்ணீர் கேட்கிறார்கள் என்று திரும்பிப் படுத்தேன். சற்று நேரம் கழித்து மறுபடியும் அடித்தது. பிறகு மறுபடியும். ஒரே அளவு. அவசரம் இல்லை. ஆனால் விடுவதாகவும் இல்லை.

சட்டையை மாட்டிக்கொண்டு இறங்கினேன். உமர் பாரூக் வீட்டுக்குப் போயிருந்தார். தனகோட்டி பலகைக்கு முன்னால் நின்றிருந்தார். எந்த ரூமுக்கும் போகவில்லை. சும்மா நின்றிருந்தார்.

கண்ணாடிக்குள் ஒரு தகடு விழுந்திருந்தது.

4.

"நாலுல யாரு?"

"யாரும் இல்ல சார்."

"பூட்டியிருக்குதா?"

"பூட்டித்தான் இருக்குது."

சாவி ஆணியில் தொங்கியது.

எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. "இதுக்கா பயந்துட்ட? ரெண்டு வயர் எங்கயாவது ஒட்டிக்கினா ஆள் அழுத்தின மாதிரிதான். எலி வேலை." ஸ்குரூ டிரைவர் எடுத்து வந்தேன். பலகையின் பின்பக்கத்தைக் கழற்றினேன். நாலாம் நம்பர் வயரை அதன் திருகிலிருந்து எடுத்துவிட்டேன். முனையை அவருக்குத் தூக்கிக் காட்டினேன்.

"பாத்துக்க. இனிமே அந்த ரூமுக்கும் இந்தப் பெல்லுக்கும் சம்பந்தமே இல்ல."

தகட்டைத் தூக்கிக் கொக்கியில் மாட்டினேன்.

தனகோட்டி என்னைப் பார்க்கவில்லை. பலகையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

11.50.

டக்.

ட்ர்ர்ர்ங்...

தகடு விழுந்து கிடந்தது. 4. வயர் என் விரல்களுக்கு நடுவில் இருந்தது...



"சார், நீங்க மேல போங்க. நான் பாத்துக்கறேன்."

"இன்னா பாத்துக்குவ?"

"எப்பவும் பாக்கறதுதான் சார்."

சாவியை எடுத்துக்கொண்டு நடந்தார். நான் படியில் பாதியில் நின்று பார்த்தேன். நாலாம் ரூம் கதவைத் திறந்தார். உள்ளே போகவில்லை. விளக்குப் போடவில்லை. தோளில் இருந்த துண்டை எடுத்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார். முதலாளியிடம் பேசுகிற மாதிரி. இருட்டைப் பார்த்து மெதுவாக ஏதோ சொன்னார். கொஞ்சம் நின்றார்... தலையை ஆட்டினார். கதவைப் பூட்டினார்.

"இன்னா சொன்ன?"

"ஒண்ணுமில்ல சார். படுங்க."

மேலே வந்தேன். கதவுக்கு வெளியே படி விளக்கை அணைத்தேன். உள்ளே தாழ்ப்பாள் போட்டேன். பெல் அடிக்கவில்லை.

12.40.

கதவுக்கு அடியில் வெளிச்சம் கோடாக விழுந்தது. யாரோ கீழே சுவிட்சைப் போட்டிருக்கிறார்கள். தனகோட்டிதான் வருகிறார் என்று நினைத்தேன். அவர் ரப்பர் செருப்பு படியில் சத்தம் போடும்.

சத்தம் வரவில்லை.

வெளிச்சம் மட்டும் இருந்தது.

ஏறுவதற்கு ஆகிற நேரம் ஆனது...

டக்.

என் கதவுக்கு வெளியே. மேல் சுவிட்ச்.

வெளிச்சம் போனது.

அந்தச் சுவிட்சுக்குள் ஒரு ஸ்பிரிங் உண்டு. விரல் படாமல் அது திரும்பாது. காற்றுக்குத் திரும்பாது. எலிக்குத் திரும்பாது.

"தனகோட்டி?"

"கூப்ட்டீங்களா சார்...?"

குரல் கீழே கல்லாவிலிருந்து வந்தது.

 எனக்குக் கோபம் வந்தது. ஐந்து வருஷம். கேட்டுக் கேட்டு வாங்கியது. இப்போது எழுந்து ஓடினால் பெட்டியோடு கீழேதான் போக வேண்டும். அந்தச் சுவரைப் பார்த்த ஜன்னலுக்கு.

எழுந்தேன். தாழ்ப்பாளை எடுத்துக் கதவை அகலத் திறந்தேன்.

யாரும் இல்லை.

வெளியே பார்த்துச் சத்தமாகவே சொன்னேன். "ரூம் என் பேர்ல இருக்குது. கட்டில் எனக்கு. வேணும்னா தரையில படுத்துக்க."

கதவைச் சாத்தினேன். இரண்டு தலையணையையும் என் பக்கம் இழுத்துக்கொண்டு படுத்தேன்.

கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை.

பிறகு... தரையில்... கட்டிலுக்கு வலது பக்கம்...

ஒரு நீண்ட மூச்சு.

நாள் பூராவும் நின்றுகொண்டிருந்தவர் கடைசியில் படுக்கும்போது விடுவாரே, அந்த மூச்சு.

நான் தூங்கவில்லை. வலது பக்கம் திரும்பவும் இல்லை. ஆனால் ரூமை விடவில்லை.

விடிந்ததும் வந்தவாசி பஸ்ஸில் ஜகபர் பாய் வந்து இறங்கினார். நான் மாடியிலிருந்து இறங்குவதைப் பார்த்தார். கையிலிருந்த பையை அப்படியே கீழே வைத்தார்.

"சார்... நீங்க எங்க படுத்தீங்க?"

"ஒன்பதுல. அந்த நாலாம் ரூம்ல செத்தது யாரு பாய்?"

"யாருமே சாவல சார். கட்டின நாள்லேர்ந்து இந்த லாட்ஜ்ல ஒரு சாவு கெடையாது." நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். "நீங்க பலகை மாட்டிட்டுப் போன ராத்திரிதான் மொதல்ல அடிச்சுது. ரூம்ல ஆளே இல்ல. உங்க வேலையில கோளாறுன்னு நெனச்சேன். அடுத்த தபா நீங்க வந்தப்போ, படுத்து நீங்களே கண்டுபிடிங்கன்னு அந்த ரூம குடுத்தேன். அன்னிக்கு அடிக்கல. நீங்க அதுல படுக்கற ராத்திரி ஒண்ணுலகூட அடிக்கல சார். நீங்க போனா அடிக்குது."

"அதனாலதான் எனக்கு மேல் ரூம் குடுக்கலயா?"

பாய் தலையாட்டினார். நான் தனகோட்டி பக்கம் திரும்பினேன்.

"நீ போய் கதவத் தெறந்து இன்னாதான் சொல்ற?"

"'சார் இன்னும் வரல, பத்தாந்தேதி வருவாரு'ம்பேன் சார். நின்னுடும்."

"நேத்து ராத்திரி?"

அவர் துண்டைக் கையில் முறுக்கினார்.

"பொய் சொல்ல வாய் வரல சார். 'சார் மேல ஒன்பதுல இருக்காரு'ன்னு சொல்லிட்டேன்."

 பாய் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"நாலுக்கே வந்துடுங்க சார். இனிமே உங்களுக்கு வாடகையே வேணாம்."

"நான் உங்க கஸ்டமர் பாய். காவக்காரன் இல்ல." மஞ்சள் அட்டையை எடுத்துக் கல்லா மேல் வைத்தேன். "உங்க மச்சான் கையெழுத்து. அடுத்த தடவையும் எனக்கு ஒன்பதுதான்."

பஸ் ஸ்டாண்டு வரை தனகோட்டி பெட்டி தூக்கி வந்தார். பஸ் கிளம்பும்போது ஜன்னலுக்குக் கீழே நின்று கேட்டார்.

"மறுபடி எப்ப சார் வருவீங்க?"

"எதுக்குக் கேக்கற?"

"அது கேக்கும் இல்ல சார்."

"சொல்ல மாட்டேன். காத்துக்கெடக்கட்டும்."

அடுத்த மாதம் வழக்கமான தேதிக்கு முன்பே, யாருக்கும் தெரிவிக்காமல் போனேன். மத்தியானம். கல்லாவில் ஒருவரும் இல்லை. பலகையைப் பார்த்தேன். ஒரு தகடு விழுந்திருந்தது. 4 இல்லை.

9.

தனகோட்டி மாடியிலிருந்து இறங்கி வந்தார். என்னைப் பார்த்ததும் படியிலேயே நின்றுவிட்டார்.

"நீங்க போன நாள்லேர்ந்து நாலு அடிக்கவே இல்ல சார். பூரா ஒன்பதுதான். ராத்திரியிலதான் அடிக்கும். இன்னிக்குத்தான் பகல்ல அடிச்சுது. இப்பதான், ஒரே ஒரு தடவ."

"எப்ப?"

"திண்டிவனம் பஸ் உள்ள வந்து நின்னுது பாருங்க... அப்ப."

அந்தப் பஸ்ஸிலிருந்துதான் நான் இறங்கியிருந்தேன்.

தகட்டை நானே தூக்கி மாட்டினேன். ஆணியிலிருந்து ஒன்பதாம் நம்பர் சாவியை எடுத்தேன். தனகோட்டி வழியை மறிக்கவும் இல்லை, கூட வரவும் இல்லை. நான் மேலே போனேன்.

கட்டில் விரித்தபடியே இருந்தது. அன்று ராத்திரி நான் இழுத்துக்கொண்ட மாதிரியே, இரண்டு தலையணையும் என் பக்கமாகத் தள்ளி வைக்கப்பட்டிருந்தன.

அன்று ராத்திரி பெல் அடிக்கவில்லை. விடியும் வரை ஒரு தடவைகூட அடிக்கவில்லை.