அண்ணாச்சியின் வீலில் விழுந்த குழிகள்

1. ஆசிட் என்ற சொல்

முத்தையா அண்ணாச்சி வண்டியை வாஷிங் ராம்ப்பில் ஏற்றவில்லை. கவுன்டருக்கு நேர் எதிரே நிறுத்திவிட்டு, முன்வீலைக் கையால் தட்டினார்.

“ஏலே செல்வினு, இங்க வா. என்னத்தப் போட்டுக் கழுவுன?”

“சோப்புத் தண்ணிதான் அண்ணாச்சி.”

“சோப்புத் தண்ணிக்கு வீலு அம்மை போட்ட மூஞ்சி மாதிரி ஆகுமாலே? ஆசிட்ட ஊத்தியிருக்க. தரை கழுவுத ஆசிட்டு ஒங்கிட்ட இல்லங்கியா?”

ஆசிட் இருந்தது. தரையில் படிந்த எண்ணெய்க் கறையைப் போக்க ஒரு மூலையில் வைத்திருந்தோம். செல்வின் அண்ணன் அந்த மூலையை ஒருமுறை பார்த்தார். அந்தப் பார்வையே அவருக்கு எதிரான சாட்சியாகிவிட்டது.

தொண்ணூறுகளின் நடுப்பகுதியில், அஞ்சல் வழியில் தமிழ் எம்.ஏ. படித்துக்கொண்டே, இராஜபாளையத்தில் அந்த மோட்டார் சைக்கிள் சர்வீஸ் நிலையத்தின் கவுன்டரில் வேலை பார்த்தேன். வண்டியைப் பெற்று ஜாப் கார்டு எழுதுவதும், வேலை முடிந்தபின் சரிபார்த்து ஒப்படைப்பதும் என் பொறுப்பு. செல்வின் அண்ணன் வாட்டர் வாஷ் பிரிவில் இருந்தார். முத்தையா அண்ணாச்சிக்குத் தளவாய்புரத்தில் நைட்டி தைக்கும் யூனிட். கோயம்புத்தூரில் வார்த்துக் கண்ணாடிபோல் மினுக்கிய அலுமினிய வீல்களை வாங்கித் தம் வண்டிக்கு மாட்டியிருந்தார். அப்படிப்பட்ட வீல் எங்கள் பக்கத்தில் அப்போது அபூர்வம். டீக்கடையில் அவர் வண்டியை நிறுத்தினால், டீ குடிப்பவர்கள் கிளாசோடு எழுந்து வந்து பார்ப்பார்கள்.

“வண்டி இங்கயே கெடக்கட்டும். சனிக்கெழம வீட்டுக்காரியக் கூட்டிக்கிட்டு ஸ்ரீவில்லிபுத்தூர் போகணும். அதுக்குள்ள ஒரு முடிவு சொல்லுங்க” என்று முதலாளியிடம் சொல்லிவிட்டு அண்ணாச்சி பஸ் ஏறினார்.

முதலாளி செல்வின் அண்ணனைக் கூப்பிட்டார். “சனிக்கெழம அவருக்கு நான் என்ன பதில் சொல்ல? நீ வாயத் தொறக்க மாட்டேங்குத. அன்னைக்கும் இப்படியே நின்னியானா வேற எடம் பாத்துக்கோ.”

2. வீலைப் படித்தல்

மினுக்கிய அலுமினியத்தின் இயல்பை இங்கே சொல்லிவிடுகிறேன். குரோமியம் பூசிய ரிம்மைப் போல் அதற்கு மேல்தோல் கிடையாது. துணி துவைக்கும் சோடா அதைக் கறுக்க வைக்கும். கம்பி நார் கீறும். பித்தளைப் பாத்திரம் துலக்குவதுபோலப் புளி போட்டுத் தேய்த்தவர்களையும் பார்த்திருக்கிறேன். முதல் நாள் பளபளக்கும், பிறகு மங்கும். வீல் சூடு ஆறியபின் முதலில் வெறுந்தண்ணீரால் புழுதியை ஓடவிட வேண்டும். பின்பு காரமில்லாத சோப்பும் மெல்லிய துணியும். எல்லாவற்றையும்விட முக்கியம், ஈரம் தங்காமல் துடைப்பது. நம் போர்வெல் தண்ணீரின் உப்பு காய்ந்து ஓரிடத்தில் படிந்தால், அதனடியில் உலோகம் மெல்ல அரிக்கத் தொடங்கும். மங்கலைப் பாலிஷ் போக்கிவிடும், குழியைப் போக்காது. குழி மறைய வேண்டுமானால் பஃபிங் மெஷினில் சுற்றியுள்ள உலோகத்தையும் சேர்த்துத்தான் தேய்த்தெடுக்க வேண்டும்.

அன்று மாலை வண்டியை சென்டர் ஸ்டாண்டில் நிறுத்தி, வீலை மெதுவாகச் சுற்றினேன். ஆசிட் பட்டிருந்தால் வழிந்த தடம் இருக்க வேண்டும். வீல் முழுவதும் சாம்பல் பூத்திருக்க வேண்டும். அச்சின் நட்டுகள் நிறம் மாறியிருக்க வேண்டும். அவற்றில் ஒன்றும் இல்லை. குழிகள் வலப்பக்கத்தில் மட்டும் இருந்தன. அதிலும் மூன்று இடங்களில், கட்டைவிரல் நுனி அளவு வட்டங்களாகக் கூடியிருந்தன. பின்வீலிலும் அவ்வாறே. ஈரத்துணியால் ஒரு குழியை அழுத்தித் துடைத்தேன். துணியில் மஞ்சளும் சிவப்பும் ஏறின.

“செல்வின் அண்ணே, இது பொட்டு வச்ச இடமா?”

அவர் ஹோஸைச் சுருட்டிக்கொண்டிருந்தார். “ஆமாம்மா. வெள்ளிக்கெழம தோறும் அந்த அக்கா சந்தனம் கொழச்சு, குங்குமம் வைப்பாக. பொட்ட அழிச்சிராதன்னு அண்ணாச்சி மொத நாளே சொல்லிட்டாரு. நானும் அத விட்டுட்டுச் சுத்திச் சுத்திக் கழுவுவேன். இந்த வாட்டி அது தானா உரிஞ்சு விழுந்துட்டு.”

“இத ஏன் காலையிலயே சொல்லல?”

“எப்படிம்மா சொல்ல? ஞாயித்துக்கெழம சர்ச்சுக்குப் போறவன், அவிய வெள்ளிக்கெழமப் பூசையக் குத்தம் சொல்லுதான்னு ஆயிரும். வேல போனா வேற வேல. பேச்சு ஆயிட்டா இந்த ஊருல எப்படி நடமாட? நீயும் சொல்லிராத தாயி.”

நானும் அதே சர்ச்சுக்குப் போகிறவள். அவர் அஞ்சியது எதற்கென்று எனக்கு விளக்கம் தேவைப்படவில்லை. குங்குமத்தில் சேர்க்கும் சுண்ணாம்பும், அடியில் தங்கும் ஈரமும் அலுமினியத்துக்கு ஆகாது என்று சொல்வது எளிது. அது எப்படிக் கேட்கப்படும் என்பது நம் கையில் இல்லை.

3. சனிக்கிழமை

அண்ணாச்சியும் அவர் மனைவியும் காலையிலேயே வந்துவிட்டார்கள். புரட்டாசி மாதம், அந்த அம்மாவின் கையில் துளசி மாலை இருந்தது. முதலாளி செல்வின் அண்ணனைக் கூப்பிட்டு நிறுத்தினார்.

“சொல்லு. என்னத்த ஊத்துன?”

செல்வின் அண்ணன் தரையைப் பார்த்தார். முதலாளி ஏதோ சொல்ல வாயெடுத்தபோது, நான் கவுன்டரை விட்டு வெளியே வந்து அந்த அம்மாவின் அருகில் நின்றேன். எந்த வாக்கியத்தையும் முடிவாகச் சொல்வதில்லை, கேள்வியாக மட்டும் கேட்பது என்று தீர்மானித்திருந்தேன்.

“அக்கா, நீங்க பொட்டு வைக்கிற இடம் எதுன்னு கொஞ்சம் காட்டுறீங்களா?”

அவர் குனிந்து காட்டப் போனார். நீட்டிய விரல் குழியின் மேல் நின்றது. இன்னொன்றைப் பார்த்தார். எழுந்து பின்வீலுக்குப் போய் அங்கும் பார்த்தார்.

“ஏங்க, இங்க வாங்க. எம்புட்டுக் குழி இருக்கோ அம்புட்டும் நான் பொட்டு வச்ச எடம்.”

“பொட்டுக்கு எங்கயாச்சும் இரும்பு குழி விழுமா?” என்றார் அண்ணாச்சி.

“இது இரும்பு இல்லன்னு ஊரெல்லாம் நீங்கதான சொல்லிட்டுத் திரியுதீக?”

முதலாளி சிரிப்பை மறைக்க முகத்தைத் திருப்பிக்கொண்டார். அந்த அம்மா விடவில்லை.

“பழசத் தொடச்சிட்டு வைக்கேன்னு நான் சொன்னேன். நீங்கதான் ‘பொட்ட அழிச்ச அன்னைக்குத்தான் தேவதானம் ரோட்டுல சறுக்கி விழுந்தேன், தொடாத’ன்னீக. பழசு மேலயே புதுச வச்சேன். சாமி படத்துக்கே போன வாரப் பொட்டத் தொடச்சிட்டுத்தான் புதுப் பொட்டு வைக்கேன். இந்த வீலு சாமிய விடப் பெருசாக்கும்?”

அண்ணாச்சி குனிந்து ஒரு குழியைக் கட்டைவிரலால் தேய்த்துப் பார்த்தார். பிறகு, யாரையும் பார்க்காமல், “செல்வினு, இனிமே தொடச்சிரு” என்றார்.

“முழுசாவா அண்ணாச்சி?”

“முழுசாத்தாம்லே.”

“நான் இனிமே பொட்டப் பெட்ரோல் டேங்குல வச்சுக்கிடுதேன். நீங்க உங்க வேலையப் பாருங்கண்ணே” என்றார் அந்த அம்மா.

மன்னிப்பு என்று யாரும் எதுவும் கேட்கவில்லை. முதலாளி, “அடுத்த வண்டிய ஏத்து” என்றார். அந்த மூன்று சொற்களில் செல்வின் அண்ணனுக்கு வேலை திரும்பக் கிடைத்தது. அவர் அடுத்த வண்டியை ராம்ப்புக்குத் தள்ளிக்கொண்டு போனார். நான் ஜாப் கார்டை எடுத்து எழுதத் தொடங்கினேன்.

எனக்குப் பின் அந்தக் கவுன்டரில் அமர்பவர்களுக்கு ஒன்று சொல்ல விரும்புகிறேன். மினுக்கிய வீல் குழிவிழுந்து வந்தால், கழுவியவரிடம் எதைப் போட்டாய் என்று கேட்பது போதாது. எதைத் தொட வேண்டாம் என்று அவரிடம் யார் சொன்னார்கள் என்பதைக் கேளுங்கள். அதையும் தனியே அழைத்து, தாழ்ந்த குரலில் கேளுங்கள்.