நார்மாவுக்கு எதுவானாலும் சரி

நார்மா ‘வேண்டாம்’ என்று சொல்லி யாரும் காதால் கேட்டதில்லை. யார்க்‌ஷயரில் கீத்லி ஊர்ப் பள்ளிக்கூடத்துச் சமையலறையில் வாழ்நாளெல்லாம் கரண்டி பிடித்தவள். டீயா காபியா என்று கேட்டால், ‘எது போட்டாலும் சரி’ என்பாள். கடலுக்குப் போவோமா மலைக்குப் போவோமா என்றால், ‘உங்க இஷ்டம்’. அந்த ஊரில் இதற்கு நல்ல குணம் என்று பெயர். நல்ல குணமாவது மண்ணாங்கட்டியாவது! அதுதான் அவளைக் கடைசியில் புடாபெஸ்ட் நகரத்தில், முன்பின் தெரியாதவர்கள் குடியிருக்கும் கட்டடத்தின் முற்றத்தில் கொண்டுபோய் அடைத்தது.

ஊர் சுற்றப் போகலாம் என்றவன் அவள் கணவன் டெஸ்மண்ட். பாய்லர் தொழிற்சாலையில் வரைபடம் போட்டு ஓய்வுபெற்றவன். “வீடு கைமாறுற நேரத்துல இங்க உட்கார்ந்து நகம் கடிக்க வேண்டாம் கண்ணு. நிதானமா ஒரு ஊரைப் பார்த்துட்டு வருவோம்” என்றான். நார்மா வழக்கம்போலத் தலையாட்டினாள். ஆனால் உள்ளுக்குள் ஒரு திட்டம் வைத்திருந்தாள். இந்தப் பயணத்தில் எப்படியாவது வாயைத் திறந்து, வீட்டை விற்க வேண்டாம் என்று சொல்லிவிடுவது.

விற்பனைப் பேச்சு வந்ததே ஒரு கிறிஸ்துமஸ் விருந்தில்தான். பிரிட்லிங்டன் கடற்கரையில் இருக்கும் டெஸ்மண்டின் அக்கா ஷீலா, வான்கோழியை வெட்டிக்கொண்டே, “எங்க பக்கத்து வீடு விலைக்கு வருது, ரெண்டு பேரும் வந்துடுங்களேன்” என்றாள். எல்லோரும் நார்மாவைப் பார்த்தார்கள். “அருமையா இருக்குமே!” என்றாள் நார்மா. விருந்தில் வேறென்ன சொல்வது? அவ்வளவுதான். அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டு தரகர் வந்தார், வக்கீல் வந்தார், வீட்டை வாங்க ஒரு இளம் ஜோடியும் வந்து நின்றது.

ஷீலா கெட்டவள் இல்லை. ஆனால் கதவைத் தட்டாமல் உள்ளே வருகிற ரகம். வந்த கையோடு அடுப்பில் இருக்கும் சட்டியின் மூடியைத் திறந்து பார்ப்பாள். நார்மாவுக்கோ கீத்லி வீட்டின் கொல்லைச் சுவர் வேண்டும். சுவருக்கு அந்தப் பக்கம் ஏவ்ரில் நிற்பாள். காலையில் இருவரும் கையில் டீக்கோப்பையோடு ஊர்வம்பு பேசுவார்கள். அந்த வீட்டை விட்டுத் தன்னைத் தூக்கிக்கொண்டுதான் போக வேண்டும் என்று நினைத்திருந்தவள் அவள்.

வீடு விற்பதில் அவர்கள் நாட்டு வழக்கம் ஒன்று உண்டு. இரு தரப்பு வக்கீல்களும் பத்திரத்தை மாற்றிக்கொள்ளும்வரை எதுவும் உறுதியில்லை. அதுவரை யார் வேண்டுமானாலும் ஒரே வார்த்தையில் விலகிக்கொள்ளலாம். மாற்றிக்கொண்டால் தீர்ந்தது கதை. விற்கிற கீத்லி வீடு, வாங்குகிற பிரிட்லிங்டன் வீடு இரண்டுக்கும் வியாழக்கிழமை பிற்பகல் மாற்றப்போவதாக வக்கீல் சொல்லியிருந்தார்.

விமானத்தில் சொல்லப் பார்த்தாள். டெஸ்மண்டுக்குக் காது அடைத்துக்கொண்டது. டான்யூப் ஆற்றுப் படகில் சொல்லப் பார்த்தாள்; அவன் பாலங்களை வரைந்துகொண்டு குழந்தை மாதிரி சந்தோஷமாக இருந்தான். வெந்நீர்க் குளத்தில் கழுத்தளவு தண்ணீரில் நின்றுகொண்டு, “டெஸ்மண்ட்...” என்று தொடங்கினாள். “என்ன கண்ணு, சூடு ஜாஸ்தியா?” என்றான். “இல்ல இல்ல, அருமையா இருக்கு” என்று சொல்லிவிட்டு முகத்தை நனைத்துக்கொண்டாள். அன்று இரவு உணவுக்கு டெஸ்மண்ட் கேட்டது கோழி. வந்தது மாட்டு நாக்கு. கண்ணை மூடிக்கொண்டு முழுவதையும் விழுங்கிவிட்டு, பிரமாதம் என்று பரிமாறியவனுக்கு இனாமும் கொடுத்துவிட்டு வந்தான். ஜாடிக்கேற்ற மூடி!

வியாழனும் வந்தது. மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு ஒரு பழைய தெருவில் நடந்துகொண்டிருந்தார்கள். ஒரு பெரிய இரும்புக் கதவைத் திறந்துகொண்டு தபால்காரர் வெளியே வந்தார். உள்ளே மாடிக்கு மாடி முற்றத்தைச் சுற்றி இரும்புக் கிராதி போட்ட தாழ்வாரங்கள் தெரிந்தன. டெஸ்மண்டுக்குக் கால் தரையில் பாவவில்லை.

“ஒரே நிமிஷம் கண்ணு. அந்தக் கிராதியை மட்டும் பார்த்துட்டு ஓடி வந்துடலாம். வரியா?”

“எனக்கு எதுவானாலும் சரி” என்றாள் நார்மா. பின்னால் கதவு டங்கென்று சாத்திக்கொண்டது.

பார்த்து முடித்துத் திரும்பினால் கதவு திறக்கவில்லை. குமிழ் திரும்பவில்லை. சுவரில் தேய்ந்துபோன ஒரு பொத்தான் இருந்தது.

“அதை அமுக்கிப் பாரேன்” என்றாள்.

“ஐயையோ, யார் வீட்டு மணியோ! மதியம் படுத்துத் தூங்குற மனுஷங்களை எழுப்பி, எங்களுக்கு வழி விடுங்கன்னா சொல்றது? முதல்ல, நீங்க எப்படி உள்ள வந்தீங்கன்னு கேட்டா?”

இரண்டு பேரும் முற்றத்து பெஞ்சில் உட்கார்ந்தார்கள். யாராவது தானாக வருவார்கள், அப்போது நழுவிவிடலாம் என்று கணக்கு. யாரையோ பார்க்க வந்தவர்கள்போல் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். காலைச் சிற்றுண்டியின்போது விடுதியில் காகிதத்தில் சுற்றி எடுத்துவந்த ரொட்டியைப் பையிலிருந்து எடுத்தாள் நார்மா. ஆளுக்குப் பாதி தின்றார்கள்.

நாயோடு ஒரு கிழவர் கதவைத் திறந்துகொண்டு உள்ளே வந்தார். டெஸ்மண்ட் எழுந்து, தொப்பியைத் தூக்கி, “வணக்கம், அழகான கட்டடம்!” என்றான். கிழவரும் ஏதோ சொன்னார். அவர் முதுகுக்குப் பின்னால் கதவு மறுபடியும் சாத்திக்கொண்டது.

“கேட்டிருக்கலாம்ல?” என்றாள் நார்மா.

“பாவம், அவர் கையில நாய் வேற இருந்தது” என்றான் அவன்.

மூன்றாவது மாடியில் ஒரு பெண் துணி உலர்த்தினாள். டெஸ்மண்ட் கையசைத்தான். அவளும் அசைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள். நார்மா அண்ணாந்தாள். மேலே பார்த்தால் கட்டம் போட்டு வெட்டின மாதிரி கொஞ்சம் வானம். நாலு பக்கமும் கிராதி. பிரிட்லிங்டனும் இப்படித்தான் இருக்கப்போகிறது, ஒவ்வொரு நாளும் யாரையாவது பார்த்துப் புன்னகைத்துக்கொண்டே உட்கார்ந்திருக்கப்போகிறேன் என்று நினைத்தாள். பயமாக இருந்தது. கடிகாரத்தைப் பார்த்தாள். வக்கீல் இந்நேரம் தொலைபேசிக்குப் பக்கத்தில் இருப்பார். இப்போது சொல்லு, இப்போது சொல்லு என்று மனம் அடித்துக்கொண்டது. வாயில் ரொட்டிதான் இருந்தது.

நாய்க்காரக் கிழவர் தாழ்வாரத்திலிருந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனார். நிழல் முற்றத்தைக் கடந்து எதிர்ச் சுவரில் ஏறியது. குளிர ஆரம்பித்தது.

“அங்க போனதும் உனக்கு இந்த மாதிரி ஒரு பெஞ்சு போட்டுத் தரேன்” என்றான் டெஸ்மண்ட். “ஷீலாவும் நீயும் உட்கார்ந்து பேசலாம்.”

“எனக்கு வேண்டாம்.”

“நாற்காலியா வாங்கிடலாமா?”

“பெஞ்சு வேண்டாம், நாற்காலி வேண்டாம், பிரிட்லிங்டன் வேண்டாம், ஷீலா வேண்டாம்! எனக்கு என் வீடு வேணும், டெஸ்மண்ட்.” குரல் நாலு மாடியிலும் எதிரொலித்தது. அழுதுவிட்டாள்.

டெஸ்மண்ட் வாயைப் பிளந்துகொண்டு பார்த்தான். அவன் முகத்தில் கோபம் இல்லை.

“அருமையா இருக்கும்னு நீதானே சொன்ன?”

“நான் எதை அருமையா இருக்குன்னு சொல்லலை? அந்த மாட்டு நாக்கை நீ பிரமாதம்னு சொல்லலையா?”

“உனக்காகத்தான் கண்ணு ஒத்துக்கிட்டேன்” என்றான் மெல்ல. “உன் முழங்காலுக்கு மாடிப்படி ஆகாது, அங்க படியே இல்லைன்னு. மத்தபடி ஷீலா பக்கத்துல இருக்க எனக்கு என்ன தலையெழுத்தா? சின்ன வயசுல அவ கூட ஒரே வீட்டுல இருந்தவன் நான்.”

இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். ஒரு வருஷமாக ஒருவருக்காக ஒருவர் பெட்டி கட்டியிருக்கிறார்கள், பைத்தியங்கள்!

“வக்கீலைக் கூப்பிடு” என்றாள்.

“இப்பவா? வீட்டை வாங்குற அந்தப் பிள்ளைங்க ஜன்னலுக்குத் துணி கூட வாங்கிட்டாங்களாம். என்ன நினைப்பாங்க...”

நார்மா அவன் சட்டைப்பையில் கைவிட்டு போனை எடுத்து, தானே அழைத்தாள். அலுவலகத்துப் பெண் உற்சாகமாகப் பேசினாள். “மிஸஸ் க்ரீன்வுட்! நானே கூப்பிடணும்னு இருந்தேன். எல்லாம் நல்லபடியா முடிஞ்சது, இப்பதான் அரை மணி நேரம் ஆகுது. வாழ்த்துகள்!”

அரை மணி நேரத்துக்கு முன்பு இதே பெஞ்சில்தான் உட்கார்ந்திருந்தார்கள்.

“ரொம்ப நன்றிம்மா” என்றாள் நார்மா. “ரொம்பச் சந்தோஷம்.” பழகிய வாய், தானாகச் சொல்லிற்று.

போனை டெஸ்மண்டிடம் கொடுத்துவிட்டு எழுந்து போனாள். யார் தூங்கினால் என்ன, யார் விழித்தால் என்ன என்று அந்தத் தேய்ந்த பொத்தானைக் கட்டைவிரலால் ஓங்கி அமுக்கினாள். எந்த வீட்டிலும் மணி அடிக்கவில்லை. பூட்டு கிர்ரென்றது. கதவு திறந்துகொண்டது.

“அட, இதுதானா!” என்றான் டெஸ்மண்ட். அவள் அவனைத் திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்தால் அடித்துவிடுவோமோ என்று அவளுக்கே சந்தேகம்.

தெருவில் கால் வைத்தபோது போன் அடித்தது. திரையைப் பார்த்து அவன் முகம் சுண்டிப்போனது. போனை நார்மாவிடம் நீட்டினான்.

“கங்கிராஜுலேஷன்ஸ்!” என்று கத்தினாள் ஷீலா. “வீட்டை விக்கிற பக்கத்து வீட்டம்மா இப்பதான் சொன்னாங்க. சாவி கைக்கு வந்ததும் எனக்கு ஒரு டூப்ளிகேட் போட்டு வெச்சுக்கறேன், சரிதானே? நான் பாட்டுக்கு வந்து போய்க்கிட்டு இருக்கலாம்.”

டெஸ்மண்ட் அந்த இரும்புக் கதவு சாத்திக்கொள்ளாமல் இன்னமும் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றான்.

“வேண்டாம் ஷீலா.”

“என்ன? லைன் சரியில்லை, கேக்கலை!”

“வேண்டாம்னு சொன்னேன்” என்றாள் நார்மா. “நீ கதவைத் தட்டிட்டு வா.”