பாறூக் சொன்ன நீட்டுக் கிராங்க்

கடுகண்ணாவ ஏற்றத்தில் பஸ் ஊர்ந்துகொண்டிருந்தது. என் மடியில் சாக்கில் சுற்றிய கிராங்க் ஒன்று, கார் எஞ்சினுக்குள் சுழலும் இரும்புத் தண்டு. காலையில் கொழும்பில் அதை வாங்கிவிட்டு, என் துணிக்கடைக்குச் சரக்கும் எடுத்துக்கொண்டு திரும்பிக்கொண்டிருந்தேன். அதன் கனத்தில் தொடை மரத்துப்போயிருந்தது. பையைத் துழாவிப் போனை எடுத்துப் பார்த்தேன். நண்பன் பாறூக்கின் மகள் ஸஹ்ரா பல தடவை அழைத்திருந்தாள். திருப்பி அழைத்தேன்.

“அங்கிள், வாப்பா மவுத்தாகிட்டாங்க. காலைல திடீரெண்டு... அஸர் தொழுகைக்குப் பொறகு அடக்கம். எங்க ஈக்கிறீங்க?”

அப்போதே மணி மூன்றரை. பேராதனையில் இறங்கி, த்ரீவீலர் பிடித்து, கெலிஓயாவுக்குப் போய்ச் சேர்ந்தபோது தொப்பி அணிந்த ஆண்கள் அடக்கம் முடிந்து மையவாடியிலிருந்து திரும்பி வந்துகொண்டிருந்தார்கள். நான் சாக்கைக் கட்டிப்பிடித்தபடி பாதையோரத்தில் நின்றேன். அவன் முகத்தைக்கூட எனக்குப் பார்க்கக் கிடைக்கவில்லை.

கெலிஓயாவில் எஞ்சின் கராஜ் வைத்திருந்த பாறூக்கை உங்களில் பலர் நானா என்றே அறிவீர்கள். எனக்கு அவன் முப்பது வருஷச் சிநேகிதன்; ஒருவரையொருவர் மச்சான் என்போம். ‘அவர்’ என்று எழுதிப் பார்த்தேன், கை வரவில்லை. மரியாதைக் குறைவு என்று நினைப்பவர்கள் மன்னிக்கவும்.

வேலையில் அவன் பிடிவாதம் உங்களுக்குத் தெரியாததல்ல. ஒரு தடவை ஒரு பள்ளிக்கூட மாஸ்டரின் கார் எஞ்சினைப் பூட்டிக்கொண்டிருந்தான். மறுநாள் மாஸ்டர் வீட்டில் கலியாணம், ஆள் வாசலிலேயே நின்றார். பாறூக் என்ன செய்தான் தெரியுமா? பிள்ளைகள் விளையாடும் களிமண்ணைப் பிஸ்டன் தலையில் அப்பி, மேல் மூடியைப் பூட்டி, எஞ்சினைக் கையால் இரண்டு சுற்றுச் சுற்றி, மறுபடி கழற்றினான். நசுங்கிய களிமண்ணைக் கத்தியால் வெட்டி அதன் தடிப்பைப் பார்த்தான். வால்வுக்கும் பிஸ்டனுக்கும் இடையில் அவ்வளவு இடம்தான் மிச்சம் என்று அர்த்தம். போதாது என்று முழுவதையும் பிரித்துப் போட்டுவிட்டான். மாஸ்டர் வாயில் வந்தபடி ஏசிவிட்டுப் போனார். “இண்டைக்கு ஏசட்டும் மச்சான். நாளைக்கு மாப்புளையோட நடு றோட்டுல நிண்டா அழுவாரு” என்றான்.

இனி எங்கள் சண்டைக்கு வருகிறேன். என்னிடம் ஒரு பழைய ஜப்பான் கார் இருக்கிறது. ஆயிரத்து முந்நூறு சீசீ. ஹந்தானையில் என் வீட்டுக்கு ஏறும் வளைவுகளில் அது படும் பாட்டைப் பார்த்து, எஞ்சினைப் பலப்படுத்தித் தரச் சொன்னேன். கூடவே யோசனையும் சொன்னேன்: வால்வைத் திறக்கும் கேம் கூர்மையாக, காபரேட்டர் பெரிதாக, எஞ்சின் நிமிஷத்துக்கு ஏழாயிரம் சுற்றுவரை கத்த வேண்டும். இணையத்தில் பார்த்த படிப்புத்தான். பாறூக் அசையவில்லை. வீச்சுக் கூடிய கிராங்க் போட்டு, பிஸ்டன் ஏறி இறங்கும் தூரத்தை நீட்டி, ஆயிரத்து ஐந்நூறாக்க வேண்டும் என்றான். “கத்த உட்டு வேகம் எடுக்குறது வேற, மிதிச்ச ஒடன வாறது வேற. றோட்டுல பஸ் ஈக்கி, ஆட்டோ ஈக்கி, மாடு ஈக்கி. ஒனக்கு ஏழாயிரம் எங்க கெடைக்கும்? ரெண்டாயிரத்துல இழுக்கோணும்” என்றான்.

மூன்று மாதம் இதே பேச்சு. கடைசியில் ஒருநாள் நாலு பேர் நிற்கும்போது சொன்னான்: “நீ துணிய அள. எஞ்சின நான் அளக்குறன்.” எல்லோரும் சிரித்தார்கள். எனக்குச் சுருக்கென்று தைத்தது. “உன்னால ஏலாதுன்னா ஏலாதுன்னு சொல்லு. வேற ஆள் பாத்துக்கிறேன்” என்றேன். முப்பது வருஷம் கைகறுக்க உழைத்தவனைப் பார்த்து அதைச் சொன்னேன். அவன் துணியில் கையைத் துடைத்தான். நான் அவனிடம் கடைசியாகப் பேசியது அதுதான்.

மூன்று வாரம் கெலிஓயாப் பக்கம் போகவில்லை. அந்த நாட்களில் கட்டுகஸ்தோட்டையில் எனக்குத் தெரிந்த ஒருவர், நான் ஆசைப்பட்ட அதே மாதிரி எஞ்சினைத் தன் காரில் போட்டு என்னை ஏற்றிக்கொண்டு கிளம்பினார். வாகன நெரிசலில் கார் குலுங்கிக் குலுங்கி நின்றது. ஏற்றத்தில் முதல் கியரைவிட்டால் மூச்சில்லை. மனிதர் வியர்வையைத் துடைத்துக்கொண்டே “மேல போனாப் பறக்கும் சார்” என்றார். எங்கே மேலே போவது? வீடு திரும்பும்போது எனக்குச் சிரிப்பும் வந்தது, வெட்கமாகவும் இருந்தது. பாறூக்குக்குப் போன் பண்ணி நீ சொன்னது சரி என்று சொல்லியிருக்கலாம். வீம்பு விடவில்லை. அவன் சொன்ன கிராங்கையே வாங்கிப்போய் அவன் மேசையில் வைத்துவிட்டால் போதும், வாயால் சொல்ல வேண்டியதில்லை என்று கணக்குப் போட்டேன். அந்தக் கணக்குத்தான் என்னைக் கொழும்புக்கு அனுப்பியது. ஒரு போன் ஒரு நிமிஷம் பிடித்திருக்கும்.

அவன் மனைவி ஜெஸீமாவிடமாவது சொல்லி அழலாம் என்றால் அவர் இத்தாவில் இருந்தார். இருபது வருஷம் அவர் கையால் சாப்பிட்டவன்தான். ஆனாலும் நாலு மாதம் பத்து நாள் அந்நிய ஆண் யாரும் அவரைப் பார்க்க முடியாது. வாசலோடு திரும்பினேன். அத்தனை நாளும் கிராங்க் என் வீட்டு அலுமாரிக்குப் பக்கத்தில் கிடந்தது. அவன் என்மேல் மனத்தாங்கலோடுதான் போனான் என்று நான் முடிவு கட்டியிருந்தேன்.

போன வாரம் இத்தா முடிந்தது. போனேன். ஜெஸீமா தேத்தண்ணி கொண்டுவந்து வைத்துவிட்டுக் கதிரையில் உட்கார்ந்தார். நான் சண்டையைப் பற்றிச் சொல்லத் தொடங்கியதும் இடைமறித்தார்.

“ஒங்களுக்குத் தெரியாதா? அண்டைக்குக் காலைல, இவங்க வழமையா சாமான் எடுக்குற கொழும்புக் கடைக்காரர் இவங்களுக்குத்தான் போன் பண்ணினார். ஒங்க சிவா வந்து நிக்கிறார், நீட்டுக் கிராங்க் கேக்குறார், குடுக்கவா எண்டு.”

கையிலிருந்த கோப்பையை மேசையில் வைத்தேன்.

“‘குடுங்க. எனக்குத் தெரியுமெண்டு மட்டும் சொல்லாதீங்க’ எண்டாங்க. போன வெச்சிட்டு ஒரு சிரிப்பு, கண்ணால தண்ணி வார அளவுக்கு. மூணு கெழமையா மொகத்துல சிரிப்பே இல்ல. ‘அந்திக்கு எப்பிடியும் இங்கதான் வருவான். ராச்சோத்துக்கு அவனுக்கும் சேத்து ஆக்கு’ எண்டு சொல்லிட்டுத்தான் குளிக்கப் போனாங்க.”

குளியலறையிலிருந்து அவன் வெளியே வரவில்லை. அன்று அந்த வீட்டில் அடுப்பு எரியவில்லை.

பாறூக்கிடமிருந்து என்னிடம் இருப்பது இதுதான். நான் வருவேன் என்று அவனுக்குத் தெரிந்திருந்தது. அது போதுமா என்று கேட்டால், போதாது.