சின்னையாக்களை விழுங்கிய சாய்கோடு

"தம்பி, ஒங்க விக்கியில எங்கப்பாவக் காணோம். அவரப் பத்தின பக்கத்தத் தொறந்தா யாரோ லோரி ஓட்டுனவரு இருக்காரு."

சரோஜா அக்கா போனில் சொன்னபோது சிரித்துவிட்டேன். பாசிர் பெனம்பாங்கில் மீன் கடை ஒன்றில் வேலை பார்ப்பவர் அவர். ஓய்வு கிடைக்கும்போதெல்லாம் கைப்பேசியில் தட்டித் தட்டி, எஸ்டேட் தோட்டத்தில் மண்டோராக, அதாவது கங்காணியாக, இருந்த தன் அப்பாவைப் பற்றி எழுதி முடித்திருந்தார். வேறு பிரதி கிடையாது. பக்கத்தைத் திறந்து பார்த்ததும் என் சிரிப்பு போய்விட்டது.

ரவாங் தொழிற்சாலை ஒன்றில் முப்பது வருடம் கணினி சர்வர்களைப் பார்த்துக்கொண்டவன் நான். ஓய்வு பெற்றபின், கோல சிலாங்கூர் வட்டாரத் தோட்டங்களில் வாழ்ந்தவர்களைப் பற்றி அவரவர் பிள்ளைகளே எழுத ஒரு விக்கி, யாரும் எழுதித் திருத்தக்கூடிய இணையத்தளம், தொடங்கினோம். மென்பொருளையும், தளத்தை இணையத்தில் வைத்திருக்கும் ஹோஸ்டிங்கையும் தேர்ந்தெடுத்தது நான்தான். இலவசம், பார்க்க அழகு, ஐந்து நிமிடத்தில் தயார். அதில்தான் விழுந்தேன்.

நம் அடையாள அட்டையில் பெயர் 'சின்னையா a/l முத்து' என்று இருக்கும். முத்துவின் மகன் சின்னையா என்று அர்த்தம். எல்லாரும் அப்படியேதான் தலைப்புப் போட்டார்கள். மென்பொருளோ நடுவில் இருந்த சாய்கோட்டைக் கண்டதும் பெயர் முடிந்தது என்று எடுத்துக்கொண்டது. ஆக, அத்தனை சின்னையாக்களுக்கும் 'சின்னையா a' என்று ஒரே பக்கம். அடுத்து வந்தவர், யாரோ தப்பாக எழுதிவிட்டார்கள் என்று அழித்துவிட்டுத் தன் அப்பாவை எழுதியிருக்கிறார்.

எங்கள் விக்கிக் குழுத் தலைவர் முன்னாள் கிராணி, தோட்ட ஆபீசில் கணக்கு எழுதியவர். "ஃபேஸ்புக்கே போதும்லா. இதெல்லாம் நமக்கு எதுக்கு?" என்றார். ஞாயிற்றுக்கிழமை கூட்டத்தில் மூடிவிடலாம் என்பது அவர் எண்ணம். எனக்குச் சுருக்கென்றது. தப்பு என்னுடையது என்பதால் கோபம் இன்னும் அதிகம்.

நல்லவேளை, அந்தத் தளம் பழைய பதிப்புகளை அழிக்கவில்லை. மொத்தமாக இறக்கிக்கொள்ளத்தான் வழியில்லை. ஒவ்வொன்றாகத் திறந்து நகல் எடுத்தேன். மூன்றாம் நாள், ஆறு பதிப்புகளுக்கு அடியில் மண்டோர் கிடைத்தார்.

புது மென்பொருள் தேடும்போது விளம்பரம் எதையும் படிக்கவில்லை. 'சின்னையா a/l முத்து' என்று தட்டினேன். இரண்டு மென்பொருள்கள் திணறின. மூன்றாவது முழுப் பெயரையும் வாங்கிக்கொண்டது. ஹோஸ்டிங்குக்கும் ஒரே நிபந்தனைதான்: தினமும் முழு பேக்கப் என் வீட்டு ஹார்ட் டிஸ்க்குக்கு வந்துவிட வேண்டும். சம்மதித்த ஒரு சின்ன நிறுவனத்தில் சேர்ந்தோம். எடுத்த நகல்களையெல்லாம் அங்கே ஏற்றினேன்.

கூட்டத்தில், பெரிய திரையில் 'சின்னையா' என்று தேடிக் காட்டினேன். ஏழு பேர் வரிசையாக வந்து நின்றார்கள், அவரவர் அப்பா பெயரோடு. சரோஜா அக்கா எழுந்து திரைக்குப் பக்கத்திலேயே போய்த் தன் அப்பாவின் முழுப் பக்கத்தையும் படித்தார். "ஒரு எழுத்துகூட கொறையல தம்பி," என்றார். முப்பது வருட வேலையில் எந்த மேனேஜரின் பாராட்டும் இந்த அளவுக்கு இனித்ததில்லை.

இளையவர்களுக்கு ஒன்று சொல்வேன். முதல் மென்பொருளை நான் 'டெஸ்ட் 1', 'டெஸ்ட் 2' என்று பக்கம் போட்டுத்தான் சோதித்தேன். அந்தப் பெயரில் நம் தோட்டங்களில் யாரும் பிறக்கவில்லை. உங்கள் ஆட்களின் பெயரைப் போட்டுச் சோதியுங்கள்.

கூட்டம் முடிந்து வயர்களைச் சுருட்டிக்கொண்டிருந்தபோது தலைவர் மெதுவாகப் பக்கத்தில் வந்தார்.

"எங்கப்பா பேரு முனுசாமி. எப்படி எழுதறதுன்னு காட்டுங்க."