இரண்டு கையாலும் கும்பிட்டேன்

திராட்சைத் தோட்டத்து வேலை முழுக்கத் தலைக்கு மேலேதான். வேண்டாத கிளைகளைக் கவாத்து வெட்டுவது, கொடியைக் கம்பியில் கட்டுவது, குலை அறுப்பது எல்லாமே பந்தலுக்கு அடியில் நின்று கையை உயர்த்தியபடி செய்வது. இருபது வருடத்துக்கு மேல் அப்படி நின்றவன் நான். ஒருநாள் வேலை முடிந்து கம்பம் ரோட்டில் சைக்கிளில் வந்தபோது, பின்னால் வந்த சரக்கு வேன் தட்டிவிட்டது. வலது தோள்பட்டை நொறுங்கியது. தகடு வைத்துத் தைத்தார்கள்.

தையல் பிரித்த அன்று டாக்டர் என் விரல்களைச் சுவரில் வைத்து, பல்லி ஏறுவதுபோல மேலே நகர்த்தச் சொன்னார். தினமும் செய்தால் ஆறு மாதத்தில் பந்தலுக்குப் போகலாம் என்றார். பத்து நாள் செய்தேன். விரல் எட்டிய இடத்தில் என் மனைவி கரித்துண்டால் கோடு போட்டாள். கோடு கொஞ்சம் கொஞ்சமாக ஏறியது.

அப்போதுதான் எங்கள் நஷ்டஈட்டு வழக்கை நடத்திய வக்கீலின் குமாஸ்தா கையெழுத்து வாங்க வந்தார். சுவரைப் பார்த்துப் பதறிவிட்டார்.

“என்னண்ணே இது? கையத் தூக்கிப் பழகுறீகளா? கேசு படுத்துரும்ணே. ஊனம் எம்புட்டுன்னு மெடிக்கல் போர்டுல பாக்குற வரைக்கும் சும்மா தொங்கப் போட்டு வைங்க.”

“டாக்டர் பழகச் சொன்னாரே?”

“டாக்டர் சொல்வாக. இன்சூரன்ஸ்காரன் எங்கன நின்னு போன்ல படம் பிடிப்பான்னு அவுகளுக்கா தெரியும்?”

எதிர்த்துப் பேசி எனக்குப் பழக்கமில்லை. அன்றோடு நிறுத்தினேன். மனைவி கோடுகளை ஈரத்துணியால் துடைத்தாள். அதன்பிறகு துண்டைக் காயப் போடுவதென்றாலும் தெருவைப் பார்த்துவிட்டு இடது கையால்தான் போட்டேன். போர்டிலிருந்து கூப்பிட ஒரு வருடத்துக்கு மேலாயிற்று. அதற்குள் கை நெஞ்சுக்கு மேலே வர மறுத்துவிட்டது. டாக்டர்கள் பார்த்ததை எழுதிக் கொடுத்தார்கள். அதில் பொய் இல்லை.

தேனி கோர்ட்டில் என் பெயரைக் கூப்பிட்டார்கள். கூண்டில் ஏறி நீதிபதியைப் பார்த்ததும் என்னை அறியாமல் கும்பிட்டேன். வலது கையை இடது கையால் ஏந்திக் கொண்டுவந்து நெஞ்சுக்கு நேரே சேர்த்தேன். உயிர் போகிற வலி. அவர் முன்னால் முகம் சுளிக்கக் கூடாதென்று பல்லைக் கடித்துக்கொண்டேன்.

இன்சூரன்ஸ் கம்பெனி வக்கீல் எழுந்து சிரித்த முகமாகக் கேட்டார்.

“வந்ததும் ஐயாவுக்கு வணக்கம் வச்சீங்கல்ல?”

“வச்சேன்யா.”

“ரெண்டு கையாலயுமா?”

“ஒத்தக் கையில கும்பிட்டா மரியாதை இல்லீகளேய்யா.”

எல்லோரும் சிரித்தார்கள். எனக்கும் அசட்டுச் சிரிப்பு வந்தது. அவர் அதைப் பதிவு செய்யச் சொன்னபோதுதான் எனக்கு உறைத்தது. நெஞ்சுக்கும் பந்தலுக்கும் நடுவே எவ்வளவு தூரம் என்று சொல்ல வாயெடுத்தேன். கேட்டதற்கு மட்டும் பதில் சொல்லச் சொன்னார்கள்.

நான் கைகளை இயல்பாகக் கூப்பினேன், முகத்தில் வேதனை தெரியவில்லை, ஊனத்தைப் பெரிதாக்கிச் சொல்கிறேன் என்று தீர்ப்பில் இருந்தது. வந்த பணம் ஆஸ்பத்திரிச் செலவுக்கே பற்றவில்லை.

“கையத் தொங்கப் போட்டுக்கிட்டு நின்னிருக்கலாம்ல?” என்றாள் மனைவி, திரும்பி வரும் பஸ்ஸில்.

“திமிருன்னு நெனைப்பாகள்ல.”

“இப்ப மட்டும் என்ன? பொய்க்காரன்னுதான நெனைச்சிட்டாக.”

முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள்.

வழக்குதான் முடிந்ததே, இனிப் பழகலாம் என்று தையல் போட்ட டாக்டரிடம் போனேன். அவர் தோளை அசைத்துப் பார்த்தார். மூட்டு இறுகிவிட்டது, இனி வராது என்றார்.

“அத்தனை தடவ சொன்னேனே, ஏன்யா பழகல?”

காரணத்தைச் சொல்ல வெட்கமாக இருந்தது. “மறந்துட்டேன் சார்” என்றேன். சோம்பேறியைப் பார்ப்பதுபோல என்னைப் பார்த்தார்.

இதை எங்கள் வக்கீலுக்குப் போனில் சொன்னேன். அவர் குரல் துள்ளியது.

“இனிமே வரவே வராதுன்னு டாக்டரே சொல்லிட்டாகளா? அப்பீலுக்கு ரொம்ப நல்லதாச்சே! உடனே எழுதி வாங்கிட்டு வாங்க.”

“சரிங்கய்யா” என்றேன்.

என் நன்மைக்குத்தான் சொன்னார். டாக்டர் அறை வாசல்வரை இரண்டு முறை போனேன். உள்ளே போய் என்னவென்று கேட்பது? நோயாளிகள் பெஞ்சில் உட்கார்ந்திருந்துவிட்டுத் திரும்பினேன். அப்பீல் போட வேண்டிய நாள் கடந்துபோயிற்று.