கழுத்தில் போட்ட கோடு

என் கழுத்துக் கட்டியை ஹாட்ஜ்கின் லிம்போமா, ஒருவகை நிணநீர்ப் புற்றுநோய் என்றார்கள். ஸ்கேன் பார்த்த டாக்டர், "கழுத்தோட நிக்குது, ஆரம்ப நிலைதான்" என்ற பிறகே எனக்கு மூச்சு வந்தது. கீமோ முடிந்ததும், கதிர்வீச்சுக்காகச் சிதம்பரம் ஆஸ்பத்திரியில் என் கழுத்தில் மையால் கோடு போட்டு அனுப்பினார்கள்.

கடலூர் திரும்பியதும் என் நாத்தனார் ஸ்டெல்லா, மாதா கோவிலில் மந்திரித்த எண்ணெயைக் கட்டி இருந்த இடத்தில் அழுத்தித் தேய்த்து ஜெபித்தார்.

மறுநாள் டெக்னீஷியன், "கோடு எங்கம்மா? அது இல்லாம எந்த இடத்துல கதிர் வைக்கிறது?" என்றார். மறுபடி ஸ்கேன், மறுபடி கோடு.

கலங்கிப்போன நாத்தனாரிடம், "இனிமே நெத்தியில தடவுங்க அண்ணி, மாதா கழுத்துக்கு இறக்கி விட்டுருவாங்க" என்றேன். அன்றிலிருந்து ஜெபத்துக்கு நெற்றியைத்தான் காட்டுகிறேன்.

சிகிச்சை நல்லபடியாக முடிந்தது. டாக்டர் சரியென்ற பிறகு அந்தக் கோட்டை அழித்தது அண்ணிதான், அதே எண்ணெயால்.